டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைங்க

2006லிருந்து மூன்று வருஷம் நான் ஒரு கேபிள் சேனலில் தொகுப்பாளினியாக இருந்தேன். பெரிய சேனல் எல்லாம் கிடையாது. எங்கள் ஊரும் சுற்றியிருக்கிற இருபது முப்பது கிராமங்களும் பார்க்கும். வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரு அறை, பின்னால் நீல வெல்வெட் துணி, அதில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய நிகழ்ச்சியின் பெயர். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை நேயர் விருப்பம். கிரைண்டர் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் அந்த ஒரு மணி நேரம் பட்டறைக்காரர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள், அப்படி ஓர் ஒப்பந்தம். ஃபேனும் போடக்கூடாது. பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும்.

வேலை என்னவோ சுலபம்தான். "வணக்கம், யார் பேசுறீங்க, எங்கேருந்து பேசுறீங்க? டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." அப்புறம் சாப்பிட்டாச்சா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, யாருக்கு இந்தப் பாட்டை டெடிகேட் பண்றீங்க. எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று: கேப் விடாதே. இரண்டு விநாடி சத்தமில்லாமல் போனால் ரிமோட்டை எடுத்துவிடுவான். அவர்கள் பேசாவிட்டால் நீ பேசு, உனக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால் சிரி.

ஒருநாள் ஒருவர் கூப்பிட்டார், குரலைக் கேட்டால் ஐம்பது வயதிருக்கும். பழைய பாட்டு ஒன்று கேட்டார். யாருக்கு சார் என்றேன். எங்க வீட்டம்மாவுக்கு என்றார். நான் வழக்கம்போல உற்சாகமாக, "அவங்க பக்கத்துல இருக்காங்களா, குடுங்களேன், ஒரு வார்த்தை பேசுறேன்" என்றேன். பதில் இல்லை. அவர் வீட்டு டிவியில் என் குரலே ஒரு நொடி தாமதமாக எனக்குத் திரும்பக் கேட்டது, குடுங்களேன், குடுங்களேன் என்று. ஒன்று, இரண்டு எண்ணினேன். "லைன் கட்டாயிடுச்சு போல, பரவாயில்ல, சாருக்காக இதோ அந்தப் பாட்டு" என்று சிரித்தேன். லைன் கட்டாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்து பிரிட்டிஷ் டிவிக்காரர் லூயி தெரூவின் ஆவணப்படங்களை வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வெல்வெட் துணிதான். ஏனென்றால் நான் எதைச் செய்யக்கூடாது என்று பழக்கப்பட்டேனோ அதை மட்டுமே செய்து அந்த மனிதர் பிழைத்திருக்கிறார். கேள்வி கேட்கிறார், எதிராளி பதில் சொல்கிறார், சொல்லி முடிக்கிறார். இவர் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்த இடைவெளி தாங்காமல் எதிராளி இன்னொரு வாக்கியம் சொல்கிறார் பாருங்கள், படமே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1970இல் சிங்கப்பூரில் பிறந்தவர், அப்பா பால் தெரூ அப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1973இல் லண்டனில் ரயிலேறி ஆசியா முழுக்கச் சுற்றி எழுதியவர், நம் மெட்ராஸுக்கு வந்து, ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போனவர். அப்போது மகனுக்கு மூன்று வயது. அந்நியர்களிடம் போய்ப் பேச்சுக்கொடுப்பது குடும்பத் தொழில் என்று வைத்துக்கொள்ளலாம், அண்ணன் மார்செல்லும் எழுத்தாளர், டிவியிலும் வந்தவர். லூயி ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறி, அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1994இல் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் தன் 'டிவி நேஷன்' நிகழ்ச்சிக்கு அவரைச் செய்தியாளராக எடுத்தார். முன்னே பின்னே கேமரா முன்னால் நின்ற அனுபவம் கிடையாது. உலகம் அழியப்போகிறது என்று நம்பும் குழுக்களைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்பதுதான் கொடுத்த முதல் வேலை. ஒல்லியான, கண்ணாடி போட்ட, எதற்கெடுத்தாலும் லேசாக ஆச்சரியப்படுகிற ஒரு பிரிட்டிஷ் பையன் துப்பாக்கிக்காரர்கள் நடுவில் நின்றாலே பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று மூருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைப் பார்த்து பிபிசி கூப்பிட்டு, 1998இல் தனி நிகழ்ச்சியே கொடுத்தது. 'வியர்ட் வீக்கெண்ட்ஸ்' என்று பெயர். வாரத்துக்கு ஒரு விசித்திரக் கூட்டம்: பறக்கும் தட்டுக்காரர்கள், மல்யுத்தப் பயிற்சிக்கூடம், ஆபாசப் பட நடிகர்கள், மலையில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள். இந்தியச் சாமியார்களைத் தேடி வந்த எபிசோடும் ஒன்று உண்டு. இதற்கும் அடுத்து வந்த தொடருக்குமாக 2001, 2002 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து பிரிட்டனின் பெரிய சினிமா, டிவி விருதான பாஃப்டாவில் சிறந்த தொகுப்பாளர் விருது வாங்கினார். எனக்கு அந்தக் காலத்துப் படங்கள் முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். வெள்ளந்தி மாதிரி கேள்வி கேட்டு எதிராளியைக் கோமாளியாக்குவது கொஞ்சம் மலிவான வித்தை, நம்ம ஊர் பிராங்க் ஷோக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள், என்ன, அவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கிடையாது.

அந்த வித்தை உடைந்தது 2000ஆம் வருஷம்.

ஜிம்மி சாவில் என்று ஒருவர். பிரிட்டனில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. பிபிசியின் பாட்டு நிகழ்ச்சியை 1964இல் தொடங்கிவைத்த தொகுப்பாளர், அப்புறம் சின்னப் பிள்ளைகள் கடிதம் எழுதினால் அவர்கள் ஆசையை நிறைவேற்றிவைக்கும் நிகழ்ச்சியை இருபது வருஷம் போல நடத்தியவர். மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டிக் கொடுத்து சர் பட்டம் வாங்கியவர். வெள்ளைத் தலைமுடி, டிராக் சூட், விரல் தண்டிக்குச் சுருட்டு. அவரோடு கொஞ்ச நாள் கூடவே இருந்து படமெடுத்தார் தெரூ. ஸ்கார்பரோ ஊரில் இருந்த வீட்டில் செத்துப்போன அம்மாவின் அறையை அப்படியே வைத்திருந்தார் சாவில். பீரோவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே அம்மாவின் உடைகள் வரிசையாகத் தொங்குகின்றன, வருஷத்துக்கு ஒரு தடவை டிரை கிளீனிங்குக்குப் போய் வருமாம். தெரூ அந்த உடைகளைப் பார்க்கிறார், சாவிலைப் பார்க்கிறார், வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு இடம். ராத்திரி, தெரூ பக்கத்தில் இல்லை. டைரக்டர் வில் யாப் கையில் கேமரா ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் சாவில் தன் பழைய நடன அரங்கு நாட்களைப் பற்றிப் பேசுகிறார். தகராறு செய்கிறவர்களைக் கட்டிப் போட்டு அடைத்துவைப்போம் என்று சுருட்டுப் புகைக்கு நடுவில் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கேமரா முன்னால் இருபத்துநாலு மணி நேரமும் கோமாளியாக இருந்த ஆள் திடீரென்று வேறு ஆளாகத் தெரிகிற நிமிஷம் அது.

அப்புறம் முக்கியமான கேள்வி. குழந்தைகளைப் பிடிக்காது என்று பேட்டிகளில் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார் தெரூ. தனியாக இருக்கிற ஆண் அப்படிச் சொல்லிவைத்தால் மஞ்சள் பத்திரிகைக்காரன் அந்தப் பக்கம் மோப்பம் பிடிக்க மாட்டான் என்கிறார் சாவில். அப்படியானால் குழந்தைகளைச் சீரழிக்கிறவரா நீங்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கத்தானே என்று தெரூ நேரடியாகவே கேட்டுவிடுகிறார். ஆமாம், என்கிறார் சாவில், நான் அப்படியா இல்லையா என்று யாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் நான் இல்லை என்று. தெரூ காத்திருக்கிறார். சாவிலும் காத்திருக்கிறார்.

நான் இந்தக் காட்சியைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். மற்றவர்கள் எல்லாம் உடைந்துபோன அந்த மௌனத்தில் சாவில் மட்டும் உடையவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது என்று எனக்குத் தோன்றுகிறது: அவரும் தொகுப்பாளர். நாற்பது வருஷம் கேப் நிரப்பிய ஆள். மௌனம் என்பது எதிராளி வைக்கிற பொறி என்று தெரிந்தவர்.

2011 அக்டோபரில் சாவில் செத்தார். ராஜ மரியாதை மாதிரி இறுதி ஊர்வலம். அடுத்த அக்டோபரில் ஐடிவி சேனல் ஒரு புலனாய்வுப் படம் ஒளிபரப்பியது. சிறுமிகளாக இருந்தபோது அவரிடம் சிக்கியவர்கள் முகத்தைக் காட்டிப் பேசினார்கள். அதற்குப்பின் நூற்றுக்கணக்கானவர்கள் போலீஸிடம் வந்தார்கள். பள்ளிகளிலும், நிதி திரட்டிக் கொடுத்த அதே மருத்துவமனைகளிலும், பிபிசி கட்டடத்துக்குள்ளேயும் நடந்திருக்கிறது. 2000இல் எடுத்த படத்தை எல்லோரும் மறுபடி தேடிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டவன் இவன் ஒருத்தன்தான் என்று சிலர் தெரூவைப் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

அவர் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. 2016இல் மறுபடியும் சாவிலைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பாதிக்கப்பட்ட பெண்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, என் பழைய படத்தைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறார். அவன் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. படம் முடிந்த பிறகும் சாவிலோடு தொடர்பில் இருந்ததை, அந்த ஆளைத் தனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்ததை, மறைக்காமல் வைக்கிறார். இந்தப் படத்தில் மௌனமாக இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு, கேள்வி மற்றவர்களிடம். ஒரு தொகுப்பாளர் தன் பழைய வேலையையே குறுக்கு விசாரணை செய்துகொண்டு நான் பார்த்தது இது ஒன்றுதான். நம் ஊரில் இருபது வருஷத்துக்கு முந்தைய தன் எபிசோடை எடுத்துவைத்து, இதில் நான் தப்புச் செய்தேன் என்று ஒருவர் சொல்வதைக் கற்பனை செய்யவே சிரமமாக இருக்கிறது.

இடைப்பட்ட வருஷங்களிலேயே ஆள் மாறத் தொடங்கியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். 2007இல் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா ஊர் தேவாலயக் குடும்பம் ஒன்று, போரில் செத்த சிப்பாய்களின் இறுதிச் சடங்கில் போய் வெறுப்புப் பதாகை பிடிக்கிறவர்கள். 2008இல் சான் க்வென்டின் சிறை. 2012இல் அரிசோனாவில் மறதி நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும். சிரிப்புக் காட்டும் வேலை மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது. சயின்டாலஜி என்ற அமெரிக்க மத அமைப்பு பற்றிய படம் தனி ரகம். அவர்கள் உள்ளேயே விடவில்லை, அதனால் நடிகர் ஒருவரைத் தேர்வுசெய்து அந்த அமைப்பின் தலைவராக நடிக்கவைத்தார். படமெடுக்கப் போன இடத்தில் அமைப்பின் ஆட்கள் கேமராவோடு வந்து இவரைப் படமெடுக்க, இவர் அவர்களைப் படமெடுக்க, நடுரோட்டில் இரண்டு லென்ஸும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் சளைக்கவில்லை.

2019இல் மனைவி நான்சி ஸ்ட்ராங், இன்னொரு கூட்டாளி ஆகியோரோடு சேர்ந்து 'மைண்ட்ஹவுஸ்' என்று சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். மனைவியும் டிவியில் படம் இயக்கியவர்தான். தயாரிப்பாளர் என்றால் நமக்குப் பூஜை போட்டு, ஃபைனான்ஸ் வாங்கி, ரிலீஸ் தேதியில் கையைப் பிசைகிறவர். ஆவணப்பட உலகில் தயாரிப்பாளரின் பொழுது பெரும்பாலும் போனிலேயே போகும். யார் கதை சொல்லத் தயார், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினோம், கையெழுத்துப் போட்டவருக்கு எதில் போடுகிறோம் என்று புரிந்ததா, வழக்கறிஞர் எந்த வரியை வெட்டச் சொல்கிறார், படம் வந்த பிறகு அந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் எடிட்டர் பின்னால் உட்கார்ந்து மூச்சுவிடுவது.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் 2003இல் வந்த தகவல்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு, சேனல்களுக்கு வெளியிலிருந்து நிகழ்ச்சி செய்துகொடுக்கும் சுயேச்சை நிறுவனங்கள் படைப்பின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. சேனல் ஒளிபரப்ப மட்டும் வாங்குகிறது. வெளிநாட்டு விற்பனை, பிற்பாடு வரும் தளங்கள் எல்லாம் செய்தவர் கையில். அதனால் பெயர் வாங்கிய தொகுப்பாளர்கள் அங்கே வரிசையாகக் கம்பெனி தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. நான் மூன்று வருஷத்தில் எத்தனை நூறு மணி நேரம் பேசியிருப்பேனோ, அதில் ஒரு நிமிஷம்கூட இன்று என்னிடம் இல்லை, சேனலிலும் இல்லை, டேப்பை அழித்து அழித்து மேலேயே பதிவு செய்தோம். தெரூவின் கம்பெனி 2020 ஊரடங்கில் வெளியே போக முடியாதபோது அவருடைய பழைய காட்சிகளையே திரட்டி நாலு பாகத் தொடர் செய்தது. பழசைப் பத்திரமாக வைத்திருக்கிற ஊரில்தான் அதெல்லாம் முடியும்.

(நடுவில் ஒரு கூத்து. 2000இல் மிசிசிப்பியில் ராப் பாடகர்களைப் பற்றிய எபிசோடுக்காக அவர் விளையாட்டாகச் சேர்ந்து எழுதிய நாலு வரியை 2022இல் ஒரு யூடியூப் பேட்டியில் கைகட்டி நின்ற பையன் போல ஒப்பித்தார். இரண்டு பேர் அதற்கு மெட்டுப் போட, டிக்டாக்கில் உலகமே இடுப்பை ஆட்டியது. முப்பது வருஷ உழைப்பு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். டிவிக்காரர் வாழ்க்கை அப்படித்தான்.)

மைண்ட்ஹவுஸ் செய்த படங்களில் எண்பதுகளின் ஸ்னூக்கர் வீரர்கள் பற்றிய தொடர், பாய்பேண்ட் பாடகர்கள் பற்றிய தொடர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது 'டெல் தெம் யூ லவ் மீ'. நிக் ஆகஸ்ட்-பெர்னா இயக்கியது, தெரூ நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர், திரையில் எங்கேயும் வரமாட்டார். அமெரிக்காவில் நடந்த வழக்கு. பெருமூளை வாதத்தால் பேச்சு வராத ஒரு கறுப்பின இளைஞர். அவருடைய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விசைப்பலகையில் தட்டவைத்தால் அவர் மனசில் இருப்பதை எழுதுவார் என்று நம்பிய ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை. அவர் கையைப் பிடித்தபோது இளைஞர் கட்டுரை எழுதினார், தத்துவம் பேசினார், கடைசியில் காதலையும் சொன்னார். குடும்பம் வழக்குப் போட்டது. எழுதியது யார்? தாங்கிப் பிடிப்பவரே தன்னையறியாமல் எழுதிவிடுகிறார் என்று இந்த முறையை நிபுணர் அமைப்புகள் எப்போதோ நிராகரித்துவிட்டன. பேராசிரியைக்குத் தண்டனை கிடைத்து, மேல்முறையீட்டில் ரத்தாகி, பிறகு குறைந்த குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாகக் கதை நீள்கிறது. படத்தில் அம்மா பேசுகிறார், அண்ணன் பேசுகிறார், பேராசிரியை பேசுகிறார். அந்த இளைஞர் பேசவில்லை. கேமரா அவர் பக்கத்தில் சும்மா இருக்கிறது.

தெரூ வந்து கேள்வி கேட்டிருந்தால் இந்தப் படம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் முகம் வந்தால் நாம் அவரைப் பார்ப்போம், அவர் புருவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இருபத்தைந்து வருஷம் மௌனத்தைக் கருவியாக வைத்திருந்த மனிதர், பேச்சே வராத ஒருவரின் படத்துக்குத் தன்னையே வெளியே நிறுத்திக்கொண்டார்.

முழுசாக ஒதுங்கிவிட்டார் என்றும் இல்லை. 2023இல் எடின்பரோ தொலைக்காட்சி விழாவில் அந்த விழாவின் முக்கிய உரையான மேக்டாகர்ட் உரையை ஆற்றினார், யாருக்கும் மனசு புண்படக்கூடாது என்று பயந்து பயந்து டிவிக்காரர்கள் ரிஸ்க் எடுப்பதையே விட்டுவருகிறார்கள் என்பது சாரம். 2025இல் பாலஸ்தீனத்தின் மேற்குக்கரையில் குடியேறிய இஸ்ரேலியர்களைப் பற்றிய படத்துக்காகத் தானே மறுபடி கேமரா முன்னால் வந்தார். அதில் குடியேற்றத் தலைவி டேனியெல்லா வைஸ் பேச்சின் நடுவில் அவரைப் பிடித்துத் தள்ளுவார், பதிலுக்கு அவரும் தள்ளுவார் என்று எதிர்பார்த்து. இவர் தள்ளவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில், அடுத்தவர்களைப் பற்றி நினைத்தே பார்க்காமல் இருப்பது மனநோயாளித்தனமாகப் படுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். சாவில் முன்னால் காத்து நின்ற அதே மனிதர். இந்தத் தடவை காத்திருக்கவில்லை. சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் இப்போது சின்னதாக ஆவணப்படம் எடுக்கிறேன், பிழைப்புக்குக் கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டுவிழா, மிச்ச நேரத்தில் இது. போன மாசம் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு செய்கிற பெரியவர் ஒருவரைப் பதிவு செய்தோம். சாவியை அரத்தால் ராவிக்கொண்டே பேசினார். ஒரு பூட்டுக்கு எத்தனை நாள், எத்தனை லீவர், ஒவ்வொரு பூட்டுக்கும் அதன் சாவி மட்டும்தான் என்றெல்லாம். பட்டறையில் முன்பு எத்தனை பேர் இருந்தீர்கள் ஐயா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். எண்ணிக்கை சொல்கிறார். அரம் ஓடுகிறது. அரம் நிற்கிறது. எங்கேயோ சைக்கிள் மணி. அவர் மூச்சை உள்ளே இழுப்பது காலர் மைக்கில் தெளிவாக விழுந்திருக்கிறது, ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். சரியாக அந்த இடத்தில் ஒரு பெண் குரல், நல்ல கலகலப்பாக: "சரிங்கய்யா, அப்புறம்?"

அவர் மறுபடி லீவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தக் குரலை வெட்டி எடுக்க முடியுமா என்று எடிட்டர் தம்பியிடம் கேட்டேன். பெரியவரின் மூச்சும் அதிலேயே ஒட்டிக்கிடக்கிறது அக்கா, தனியாப் பிரிக்க வராது என்கிறான்.